அவன் மாத்திரையை நான் விழுங்கிய வருடம்

என் அறை நண்பன் கட்டிலில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, மருந்து டப்பாவைக் கவிழ்த்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணினான். மூன்றாவது முறை வாய்விட்டே எண்ணினான். 14 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தன. "எங்கேயோ கொட்டிட்டேன் போலடா. என் புத்தி அப்படி" என்று சொல்லிவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் தேட ஆரம்பித்தான். அந்த ஐந்தும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நானும் குனிந்து அவனோடு சேர்ந்து தேடினேன்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. தேர்வு நெருங்கும்போதெல்லாம் விடுதிகளில் இன்னமும் அதே கேள்வி மெல்லிய குரலில் கேட்கப்படுகிறது: "ஒண்ணு கிடைக்குமா?" கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் பயந்துபோனவர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள மாட்டாரா என்றுதான் எழுதுகிறேன்.

அவனுக்கு ஒன்பது வயதிலேயே ஏடிஹெச்டி என்று கண்டறிந்துவிட்டார்கள். கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாறு என்று தமிழில் எழுதுவார்கள். எங்கள் அறையில் அதற்குப் பெயர் 'என் தலை'. "இன்னைக்கு என் தலை சரியில்லடா" என்பான். காலையில் மாத்திரை போட்ட நாளில் குளித்து, சட்டை மாட்டி, பையை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கிளம்பிவிடுவான். போடாத நாளில், ஒரு கை மட்டும் சட்டைக்குள் நுழைந்திருக்க, நேற்று எழுதிய ஏதோ ஒரு குறிப்பைத் தேடிக்கொண்டு அரைமணி நேரம் அறை நடுவில் நிற்பான். தேடத் தொடங்கியது எதை என்பதே நடுவில் மறந்துபோகும். சாவி குளியலறையில் கிடக்கும். அவனை நாலு மாதம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாரும் இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டார்கள். அந்த மருந்து அவனுக்கு என்ன செய்கிறது என்பது எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் எடுத்தேன்.

அப்போது நான் முதுகலை இரண்டாம் வருடம். ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் ஆறு வாரமாக ஒரு அடி நகரவில்லை. வழிகாட்டியிடமிருந்து வந்த மின்னஞ்சலைத் திறக்காமலே பதினோரு நாள் வைத்திருந்தேன். அந்தத் தலைப்பைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். இதற்கு நடுவில் புள்ளியியல் தேர்வு வேறு. அவனிடம் கேட்டேன். "இது என் மருந்துடா" என்றான். "ஒரே ஒண்ணுதான், இனிமே கேக்க மாட்டேன்" என்றேன். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கு வராது. அது தெரிந்துதான் கேட்டேன்.

மாத்திரை போட்ட அந்த முதல் ராத்திரியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆள் விழுவது அங்கேதான்.

இரவு பத்து மணிக்குப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் உடம்பு லேசானது. அறையில் இருந்த சத்தமெல்லாம் அடங்கினமாதிரி இருந்தது. ஒரு கட்டுரையைத் திறந்து இரண்டு பக்கம் படித்தேன். அதில் ஒரு மேற்கோள் வந்தது. அதை என் நூற்பட்டியலில் சேர்க்கப் போனவன், பட்டியலில் ஒரு காற்புள்ளி தப்பாக இருப்பதைப் பார்த்தேன். அதைத் திருத்தினேன். அடுத்ததும் தப்பு. ஆண்டு எண்ணுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வேண்டுமா, அடைப்புக்குறி வேண்டுமா என்று பார்த்தேன். இதழ்களின் பெயரையெல்லாம் சாய்வெழுத்துக்கு மாற்றினேன். 140-க்கு மேற்பட்ட பதிவுகள். ஒன்று விடாமல் செய்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. வாய் வறண்டு, தாடை இறுகிப்போயிருந்தது. ஆனால் மனசு பொங்கியது. என் வாழ்நாளில் இப்படி ஒரு ராத்திரி உழைத்ததில்லை என்று நிஜமாகவே நம்பினேன். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு வரிகூடக் கூடவில்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

இதற்குக் காரணம் என்னவென்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து, மூளையில் சேதி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமினையும் நார்அட்ரினலினையும் நரம்பு செல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமைன் வகை மருந்துகள் அதோடு நிற்காமல் அவற்றை இன்னும் அதிகமாக வெளியே தள்ளுகின்றன. டோபமின் பாடம் எதையும் சொல்லித் தராது. 'இந்த வேலை செய்யத் தகுந்தது' என்ற உணர்வைத்தான் தரும். அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்கு அந்த மரியாதை கிடைத்துவிடும். என் கையில் காற்புள்ளி இருந்தது.

என் ஒருவனுக்கு நேர்ந்த விபத்து இது என்று நினைக்க வேண்டாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோளாறு எதுவும் இல்லாத 46 இளைஞர்களுக்கு ஒரு நாள் அடரால் என்ற ஆம்ஃபெட்டமைன் வகை மருந்தையும் இன்னொரு நாள் வெறும் போலி மாத்திரையையும் கொடுத்து, நினைவாற்றல், புத்திக்கூர்மை, படைப்பாற்றல் எல்லாவற்றையும் சோதித்தார்கள். மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் மருந்து சாப்பிட்ட நாளில் தாங்கள் நன்றாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினரின் 2023 ஆய்வு இன்னும் துல்லியமாக என் இரவைப் படம் பிடித்திருக்கிறது. குறிப்பிட்ட எடைதான் தாங்கும் ஒரு பையில் எந்தெந்தப் பொருளை வைத்தால் மொத்த மதிப்பு கூடும் என்ற கணக்கை 40 பேருக்குக் கொடுத்தார்கள். மருந்து எடுத்தபோது அவர்கள் அதிகம் முயன்றார்கள், பொருள்களை அதிகமாக எடுத்தும் வைத்தும் பார்த்தார்கள், ஆனால் ஒவ்வொரு முயற்சியின் தரமும் குறைந்தது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேலே இருந்தவர்கள் பலர் மருந்தோடு சராசரிக்குக் கீழே போனார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மருத்துவர் சொல்லாமல் இந்த மாத்திரைகளை எடுத்த மாணவர்களின் மதிப்பெண் அதனால் ஏறவில்லை என்கிறது.

மாணவர்களின் இந்த ஆசை பழையது. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், ஒரு மூளைப் பரிசோதனைக்குப் பின் வந்த தலைவலிக்காகக் குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைனைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலியில் பெரிய மாற்றமில்லை. படிப்பில்தான் மாற்றம் தெரிந்தது. 30 குழந்தைகளில் 14 பேரிடம் அது கண்கூடாக இருந்தது. இன்றைய சிகிச்சையின் தொடக்கம் அது. ஏறக்குறைய அதே காலத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியல் சோதனைகளுக்காகக் கொடுக்கப்பட்ட அதே மருந்தை, மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவில் விழித்திருக்கத் தேடிப்போனார்கள். மருந்து ஒரு பக்கம் நோயாளியைத் தேடிப் போக, இன்னொரு பக்கம் எங்களைப் போன்றவர்கள் அதைத் தேடிப் போயிருக்கிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒன்று கேட்டு வாங்கியது. அடுத்த ஐந்தும் கேட்காமல் எடுத்தவை. அவன் தூங்கும்போது ஒன்று, அவன் வகுப்புக்குப் போனபோது ஒன்று என்று. எண்ணிப் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு அவன் டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட ஆரம்பித்தான். என்னைச் சந்தேகப்பட்டுப் பூட்டவில்லை. தன் மறதியை நம்பாமல் பூட்டினான். நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். நான் வேறு வழி தேடினேன். எனக்கும் அந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்லி என் பெயரிலேயே மருந்துச் சீட்டு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் பார்த்த மனநல மருத்துவர் அவசரப்படவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். "இப்ப கவனம் இல்லைங்கிறது சரி. சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5-இன் (2013) வரையறைப்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, படிப்பு, வேலை, நட்பு என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது அவை தெரிய வேண்டும். வாழ்க்கையை நிஜமாகவே பாதித்திருக்க வேண்டும். 22 வயதில், ஆய்வேடு முடிக்க வேண்டிய மாதத்தில் திடீரென்று முளைப்பது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று.

என் சிறுவயதில் அப்படி எதுவும் இல்லை. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, வீட்டுப்பாடத்தை அன்றன்றைக்கே முடித்த பையன். அதனால் அவன் கதையை எடுத்துச் சொன்னேன்.

விளக்கணைத்தபிறகு அவன் எனக்குச் சொன்ன கதைகள் அவை. மூன்றாம் வகுப்பில் ஜன்னலையே பார்க்கிறான் என்று டீச்சர் அவனுடைய மேசையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டது. சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பில் அவன் தினமும் ஒரு புது நாட்டின் வரைபடத்தைக் கண்டுபிடித்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து ஒற்றை ஷூவோடு வீட்டுக்கு வந்து நின்றது. இன்னொன்று எங்கே கழன்றது என்று அவனுக்கே தெரியாது. அம்மா அடிக்கவில்லையாம். இருட்டினபிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் வரை ரோட்டோரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாராம். அவன் ஒரு காலில் ஷூவோடு பின்னாலேயே போனானாம். "அன்னைக்கு அம்மா ஒரு வார்த்தை பேசல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு" என்று அவன் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

அந்த ஷூவை என் ஷூ என்று சொன்னேன். அந்த அம்மாவை என் அம்மா என்று சொன்னேன். குரலைக்கூட அவனைப்போலவே இறக்கினேன்.

மருத்துவர் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம், பழைய பள்ளி அறிக்கைகளைக் கொண்டுவரச் சொன்னார், அம்மாவோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்றார், இன்னொரு நாள் சில சோதனைகள் வைக்கலாம் என்றார். நான் திரும்பிப் போகவில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு கேள்வித்தாளை நீட்டினார்கள். கட்டம் கட்டமாக டிக் அடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சீட்டு கையில் இருந்தது. அந்த இடத்தைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை, பொய் என்னுடையது. ஆனால் வெறும் கேள்வித்தாளை நம்பினால் இப்படித்தான் ஆகும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் இதைக் காட்டினார்கள். நடிக்கச் சொல்லப்பட்ட மாணவர்கள் அறிகுறிப் பட்டியலில் உண்மையான நோயாளிகளைப் போலவே மதிப்பெண் வாங்கினார்கள். வாசிப்பு வேகம் போன்ற சோதனைகளிலோ, நிஜமான கோளாறு உள்ளவர்களைவிடவும் மோசமாகச் செய்தார்கள். நடிப்பவர்களுக்கு நோயின் அளவு தெரியாது. இதைக் கண்டுபிடிக்கவென்றே இன்று தனிச் சோதனைகள் இருக்கின்றன.

கையில் சொந்த மாத்திரை வந்தபிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பசி போயிற்று. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. யாராவது சாதாரணமாகப் பேசினாலே எரிச்சல் வந்தது. மாலையில் மருந்தின் வேகம் இறங்கும்போது இனம் தெரியாத ஒரு துக்கம் வந்து கவியும். அதைத் தள்ளிவிட இரண்டாவது மாத்திரை, அது தூக்கத்தைத் தின்றுவிட, மறுநாள் காலையில் எழுவதற்கு இன்னொன்று. ஒரு நண்பனின் பிறந்தநாளில் மதுவும் சேர்ந்துகொண்டது. இந்த ஊக்க மருந்து குடிபோதையின் அறிகுறியை மறைத்துவிடும். எவ்வளவு குடித்தோம் என்பதே தெரியாது. அன்று எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாதது என் சாமர்த்தியத்தால் இல்லை.

புள்ளியியல் தேர்வுக்கு முன்னால் மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. கேள்வித்தாளில் நான்காவது கேள்வி நான் இரண்டு தடவை எழுதிப் பார்த்தது. பக்கத்தின் எந்த மூலையில், எந்த நிற மையில் எழுதினேன் என்பதுவரை கண்ணில் தெரிகிறது. சூத்திரம் வரவில்லை. படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில்தான். அந்தத் தூக்கத்தை விற்றுத்தான் படிக்கும் நேரத்தை வாங்கியிருந்தேன். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. கழுத்தில், காதுக்குள், கண்ணுக்குப் பின்னால் எல்லாம் துடித்தது. விரல் நுனிகள் சில்லிட்டன. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். கண்காணிப்பாளர் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறைக்குக் கூட்டிப் போனார்.

"ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா?" என்று செவிலியர் கேட்டார். இல்லை என்றேன். இந்த இடத்தை யாராவது அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நிலைமையில் பொய் சொல்வது உயிரோடு விளையாடுவது. எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது உங்கள் பதிலில் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளோடு இவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்து, அது தெரியாமலே வாழ்கிறவர்களும் உண்டு. சற்று நேரம் கழித்து மருத்துவர் வந்து, கூட இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "நான் போலீஸ் இல்ல. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் உதவ முடியும்" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை. ஊக்க மருந்து, தூக்கமின்மை, அதற்கு மேல் பயம், மூன்றும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது.

அங்கிருந்து என்னை ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நாலைந்து சந்திப்புக்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எனக்கு இருந்தது பதற்றக் கோளாறு. திறக்காத அந்த மின்னஞ்சல்தான் நோயின் முகவரி. கவனம் சிதறியது உண்மை, ஆனால் சிதறடித்தது பயம். ஊக்க மருந்தோ பதற்றத்தை இன்னும் கூட்டக்கூடியது. நான் அவன் நோயைப் போட்டுக்கொண்டு போய் நின்றதால், என் நோயை யாரும் பார்க்க முடியவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. முதலில் பார்த்த அந்த நிதானமான மருத்துவரிடம் உண்மையை மட்டும் சொல்லியிருந்தால், அன்றைக்கே சரியான இடத்தில் கை வைத்திருப்பார். தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு என்று கவனத்தைக் கெடுக்கிறவை பல இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஆனால் இந்தக் கதையில் அதிகம் இழந்தது நான் இல்லை.

அந்த ஐந்து மாத்திரை குறைந்ததில், அவனுக்கு மாதக் கடைசியில் ஐந்து நாள் மருந்தில்லை. இவை, மனநிலையை மாற்றும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1971-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வரும் மருந்துகள். பல நாடுகளில் இவற்றை நாள் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். தேதிக்கு முன்னால் போய் நின்றால் கடையில் கொடுக்க மாட்டார்கள். அவன் தொலைந்துவிட்டது என்று சொன்னான். அவனே அப்படித்தான் நம்பினான். "தொலைந்துவிட்டது" என்பதை அவர்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்களோ! அந்த ஐந்து நாளுக்குள் அவனுக்கு ஒரு தேர்வு வந்தது. கேள்வித்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே எழுதிவிட்டு வந்துவிட்டான். அறைக்கு வந்து சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பின்பக்கத்தில் 40 மதிப்பெண். அதற்கப்புறம் அவனுடைய மருத்துவர் மாதாமாதம் டப்பாவைக் கொண்டுவந்து எண்ணிக் காட்டச் சொன்னார். முழு மதிப்பீட்டையும் மறுபடி செய்ய வேண்டும் என்றார். ஒன்பது வயதிலிருந்து அவன் சுமந்து வந்ததை, நடிப்பு இல்லை என்று நிரூபிக்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றான்.

மருத்துவ அறையிலிருந்து வந்த மூன்றாம் நாள் அவனிடம் சொன்னேன். மாத்திரையை நான் எடுத்ததைச் சொன்னபோது முகம் மாறியது, ஆனாலும் கேட்டுக்கொண்டான். "கேட்டிருந்தா இன்னும் ஒண்ணு குடுத்திருப்பேனேடா" என்றான். அது எனக்கு வலித்தது. பிறகு மருத்துவரிடம் சொன்ன கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஷூவையுமா சொன்னே?"

"ஆமா."

"அம்மா டார்ச் எடுத்துட்டுப் போனதையுமா?"

தலையாட்டினேன். எழுந்து வெளியே போனவன் அன்றிரவு அறைக்கு வரவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அது நியாயம் என்று எனக்குத் தெரியும்.

படிக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே உங்களுக்கு இந்தக் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், என் கதையைப் படித்துவிட்டுப் பயந்து பின்வாங்காதீர்கள். பெரியவர்களிடமும் இது இருக்கிறது. சிறுவயதில் யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அமைதியாக உட்கார்ந்து கனவு காணும் பெண் பிள்ளைகளிடம் இப்படி அதிகம் தவறிப்போகிறது. பழைய மதிப்பெண் அட்டைகள், ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் எதுவானாலும் எடுத்துக்கொண்டு போங்கள். சிறுவயதில் உங்களை வளர்த்தவர் ஒருவர் பேசத் தயாராக இருந்தால் நல்லது. மிகைப்படுத்தவும் வேண்டாம், வெட்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம். பத்து நிமிடத்தில் மருந்து எழுதித் தருகிறவரைவிட, இரண்டு மூன்று முறை வரச் சொல்கிறவரை நம்புங்கள். சரியான ஆளுக்கு, சரியான அளவில் இந்த மருந்து எவ்வளவு பெரிய துணை என்பதைத் தினமும் காலையில் கண்ணால் பார்த்தவன் நான்.

மருந்துச் சீட்டு உங்கள் பெயரில் இருந்தால், பூட்டி வையுங்கள். முழு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு திரியாமல் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் போங்கள். யார் யாரிடம் சொல்வது என்பதில் கவனமாக இருங்கள். கேட்கிறவனிடம் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டர் மாசாமாசம் எண்ணிப் பாக்குறாரு" என்று சொல்லிவிடுங்கள். அவன் இப்போது அப்படித்தான் சொல்கிறான். யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. நண்பனுக்கு ஒன்று கொடுப்பதும் பல நாடுகளில் சட்டப்படி குற்றம். 2023 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இந்த வகை மருந்துகள் அனைத்தின் விவரத்தாளிலும் கட்டம் கட்டிப் போடும் எச்சரிக்கையில் தவறான பயன்பாடு, அடிமையாதல், பகிர்தல் பற்றிய வாசகங்களைப் புதுப்பிக்கச் சொன்னது. ட்யூக் பல்கலைக்கழகம் 2011-லேயே, மருத்துவர் எழுதித் தராத மருந்தைப் படிப்புக்காக எடுப்பதைத் தேர்வு மோசடிக் கணக்கில் சேர்த்துவிட்டது.

இணையத்திலோ தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமோ கிடைக்கிற மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். அசலைப் போலவே அச்சு வார்த்த போலிகளில் மெத்தாம்ஃபெட்டமைன் என்ற கடும் போதைப்பொருளும் ஃபென்டனில் என்ற மிக வீரியமான வலிநிவாரணியும் பிடிபட்டிருக்கின்றன. ஃபென்டனில் கலந்திருந்தால் ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். ஏற்கனவே எடுத்துவிட்டு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், உடம்பு கொதிப்பது, குழப்பம், இல்லாத சத்தம் கேட்பது என்று எது வந்தாலும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்; போனதும் உண்மையைச் சொல்லுங்கள். தினமும் எடுத்துக்கொண்டிருந்தால் தனியாக நிறுத்தப் பார்க்காமல் மருத்துவரோடு சேர்ந்து நிறுத்துங்கள். நிறுத்திய முதல் சில நாள்களில் அசதியும் மனச்சோர்வும் கடுமையாக இருக்கும். எனக்கு ஒன்பது நாள் இருந்தது. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அந்த நிமிடமே யாரையாவது கூப்பிடுங்கள்.

ஆய்வேடு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். "அத்தியாயம் முடியவில்லை என்றால் பரவாயில்லை, இருப்பதை அனுப்புங்கள், பேசலாம்" என்று இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் இத்தனையும். வழிகாட்டியைப் போய்ப் பார்த்தேன். கூடுதலாக ஒரு பருவம் கேட்டேன், கிடைத்தது. தினமும் மாலையில் ஒரே ஒரு பத்தி அவருக்கு அனுப்ப வேண்டும் என்று பேசிக்கொண்டோம். நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை, வர வேண்டும், அவ்வளவுதான். இரவு பதினொன்றுக்குப் படுத்துவிடுவேன். புள்ளியியலை மறுபடி எழுதினேன்.

அவனுடைய மறுமதிப்பீட்டுக்கு, கூட வசிப்பவர் யாராவது வந்து பேசினால் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவன் வேறு யாரையும் கேட்டிருக்கலாம். ஒரு மாலை, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "வியாழக்கிழமை வர்றியா?" என்றான்.

போனேன். முதலில், குறைந்த மாத்திரைகளை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். அப்புறம் நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பாதி மாட்டிய சட்டை, குளியலறைச் சாவி, திருப்பிப் பார்க்காத பின்பக்கம். சிறுவயதைப் பற்றி அவனிடம் கேட்டார். சுவரைப் பார்த்துத் திருப்பிய மேசையில் ஆரம்பித்தான், ஒற்றை ஷூவுக்கு வந்தான், நடுவில் வேறு எதற்கோ தாவி, எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றான். என் பக்கம் திரும்பினான்.

"மீதியை நீ சொல்லுடா."

"அவங்க அம்மா டார்ச் எடுத்துக்கிட்டுப் போனாங்க சார்" என்று ஆரம்பித்தேன். "இவன் ஒரு கால் ஷூவோட பின்னாலயே போனான்."